ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து உலகின் பனிச்சறுக்கு ஊர்களுக்கு: தேர்வும் தயாரிப்பும்

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உலகெங்குமிருந்து பனிச்சறுக்கு ஆர்வலர்கள் தேடிச் செல்லும் நிசெகோ, ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ளது; அதன் அன்னுபுரி மலையுச்சி 1,308 மீட்டர்தான். நம் ஏரிக்கரையில் நின்றாலே அந்த உச்சியைவிட உயரத்தில் நிற்கிறோம். ஆனாலும் ஏற்காட்டில் மார்கழி விடியலில் காப்பி இலைகளின்மேல் பனித்துளி படிவதோடு சரி. நிசெகோவிலோ ஒரு பருவத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் பனி கொட்டுகிறது. சைபீரியாவிலிருந்து வீசும் உறைகாற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோ மலைகளில் மோதி மேலெழும்பி, அந்த ஈரத்தை மாவு போன்ற உலர்ந்த பனியாக உதிர்த்துவிடுவதே இதற்குக் காரணம்.

பனிச்சறுக்குக்கு ஊர் தேடும்போது மலையின் உயரத்தையோ ஊரின் புகழையோ முதலில் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஒப்பீடே போதும். நீங்கள் போகும் மாதத்தில் அங்கே பனி உறுதியாக இருக்குமா, உங்கள் திறமைக்கு ஏற்ற சரிவுகள் போதுமான அளவு இருக்கின்றனவா, சேலத்திலிருந்து போய்ச் சேர எத்தனை முறை வண்டி மாற வேண்டும் என்ற மூன்றையும் பார்த்த பிறகே ஊரின் பெயருக்கு வர வேண்டும். நான் நாற்பது வயதைக் கடந்த பிறகு குல்மார்க்கில் சறுக்கக் கற்றுக்கொண்டவன். வெளிநாட்டுப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் சேலத்துக் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சறுக்குவதைப் புரிந்துகொள்ள நம் மலைச்சாலையே போதும்

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை மலையை நேராக ஏறுவதில்லை. சரிவுக்குக் குறுக்காகச் சிறிது தூரம் ஓடி, கொண்டை ஊசி வளைவில் திரும்பி, மறுபடியும் குறுக்காக ஓடுகிறது. இப்படி 20 வளைவுகள். செங்குத்தான மலையை வண்டியின் எஞ்சின் தாங்கக்கூடிய சாய்வாக மாற்றுவதற்கு அதுதான் வழி. சறுக்குபவரும் இதையேதான் இறங்கும் திசையில் செய்கிறார். காலில் பூட்டும் நீண்ட சறுக்குப் பலகையான ஸ்கீயின் முனை நேர் கீழாகத் திரும்பினால் வேகம் கூடும். சரிவுக்குக் குறுக்காகத் திரும்பினால் வேகம் குறையும். கற்றுக்கொள்ள வேண்டிய அடிப்படை அவ்வளவுதான்: பனியின்மேல் உங்களுக்கான கொண்டை ஊசி வளைவுகளை நீங்களே வரைந்துகொண்டு இறங்குவது. முதல் நாளில், முனைகளை நெருக்கி, குதிகால்களை அகற்றி, தலைகீழ் 'வி' வடிவில் ஸ்கீக்களை வைத்து வேகத்தை மட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுப்பார்கள். பனி ஒதுக்கும் கலப்பையின் உருவத்தை ஒத்திருப்பதால் இதற்குக் கலப்பை நிலை என்று பெயர். இது கைவந்த பிறகுதான் இரு ஸ்கீக்களையும் இணையாக வைத்துத் திரும்புவது வரும்.

சரிவுகளின் கடுமையை நிறத்தால் குறிப்பார்கள். ஆனால் அந்த நிறங்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சில் பச்சை மிக எளியது, நீலம் எளியது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று வரிசை போகும். அங்கே சிவப்பு கிடையாது. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்ற மூன்றே பெரும்பாலும் காணப்படும். ஒரு ஊரின் வரைபடத்தை இணையத்தில் பார்க்கும்போது மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைவிட, பச்சையும் நீலமும் எவ்வளவு இருக்கின்றன, அவை மலையின் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். எளிய சரிவுகள் அடிவாரத்தில் மட்டும் இருந்தால் வெப்பமான வாரத்தில் அவையே முதலில் உருகும்.

முதல் பயணம் நாட்டுக்குள்ளேயே இருக்கட்டும்

முதன்முதலாகப் பனியைத் தொடுபவர்கள் நேராக ஆல்ப்ஸுக்குப் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. சறுக்குவது பிடிக்குமா, முழங்கால் ஒத்துழைக்குமா, குளிரைத் தாங்க முடியுமா என்று தெரிவதற்கு முன்பே பெரும் தொகையைச் செலவிடுவதில் பொருளில்லை.

காஷ்மீரின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில், ஸ்ரீநகரிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்குள்ள கோண்டோலா, அதாவது கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டிவண்டி, இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டோரிக்கும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் அபர்வாத் மலைத்தோளுக்கும் கொண்டுசெல்கிறது. புதியவர்களுக்கான இடம் இவை இரண்டுமல்ல. ஊரின் நடுவே உள்ள கிண்ணம் போன்ற புல்வெளி பனியால் மூடப்பட்டிருக்கும்போது அதன் மெல்லிய சரிவுகளில்தான் கற்க வேண்டும். கருவிகள் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்றுநரும் கிடைப்பார். 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிப் கான் குல்மார்க்குக்குப் போகும் வழியிலுள்ள தங்மார்க்கைச் சேர்ந்தவர் என்பதைக் கற்றுக்கொள்ளப் போகும் குழந்தைகளுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள்.

காஷ்மீரில் 'சில்லாய் கலான்' எனப்படும் கடுங்குளிரின் நாற்பது நாட்கள் டிசம்பர் 21இல் தொடங்குகின்றன. முன்பெல்லாம் அந்த நாட்களை நம்பித் தேதி குறிக்கலாம். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியின்றிப் பழுப்பு நிறத்தில் கிடந்தது. 2025இல் பனிக்குறைவால் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பிப்ரவரியிலிருந்து தள்ளிவைத்தார்கள். பிப்ரவரிக்கும் முழு உறுதி இல்லை என்றாலும், பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போவதைவிட, பிப்ரவரி முதல் மூன்று வாரங்களைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பானது. பள்ளி விடுப்பு எடுக்க வேண்டியிருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அபர்வாத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே இரண்டாம் கட்டக் கோண்டோலாவிலிருந்து இறங்கியவுடன் பரந்த பொடிப்பனிச் சரிவுகள் தெரியும். அவற்றின் பெரும்பகுதி, ரோந்தும், சரியக்கூடிய பனியை முன்கூட்டியே வெடிவைத்துச் சீர்செய்தலும் இல்லாத திறந்த மலை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். பனியில் புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, பனியில் குத்தித் தேடும் நீண்ட கம்பி, மண்வெட்டி ஆகிய மூன்றும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த வழிகாட்டியும் இல்லாமல் ஒருவரும் அங்கே சறுக்கக் கூடாது.

உத்தரகண்டின் ஔலி, குல்மார்க்கைவிடச் சிறியது, சரிவுகள் சீரானவை. உத்தரகண்ட் அரசு நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் தங்கிக் கற்கும் வகுப்புகள் தனியாகப் போகும் கல்லூரி மாணவர்களுக்கு ஏற்றவை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டதைத் தொடர்ந்து அங்கிருந்து ஔலி செல்லும் ரோப்கார் நிறுத்தப்பட்டதால், சாலைப் பயணத்துக்கான நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் குளிர்காலத்தில் சறுக்கு வகுப்புகள் நடத்துகிறது.

வளைகுடா நாடுகளில் உறவினர் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2005இல் துபாயில் ஒரு வணிக வளாகத்துக்குள் திறக்கப்பட்ட ஸ்கீ துபாயில், மிக நீண்ட சரிவு 400 மீட்டர்தான். மலையின் காற்றும் வெளிச்சமும் அங்கே கிடைக்காது. ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் இறங்கி, கலப்பை நிலையை இரண்டு மணி நேரம் பழகிக்கொள்ள அது மிக நல்ல இடம்.

வெளிநாடு: எந்த ஊர் யாருக்கு

ஆல்ப்ஸ் மலைகளில் தொடங்குகிறேன், ஏனெனில் பனிச்சறுக்கைக் கற்பிக்கும் முறையே அங்கேதான் உருவானது. ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டனில் 1901இல் ஆர்ல்பெர்க் ஸ்கீ சங்கம் தொடங்கப்பட்டது. அதே ஊரில் ஹான்னெஸ் ஷ்னைடர், கலப்பை நிலையிலிருந்து படிப்படியாக இணைத் திருப்பத்துக்குக் கொண்டுசெல்லும் ஆர்ல்பெர்க் முறையை வகுத்தார். இன்று குல்மார்க்கில் நமக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் படிநிலையின் வழிவந்ததுதான். ஜூரிக்கிலிருந்து இன்ஸ்புருக் செல்லும் விரைவு ரயில் அந்த ஊரிலேயே நிற்பதால், மூட்டைகளோடு வண்டி தேட வேண்டியதில்லை. ஆனால் அதன் சரிவுகள் கடினமானவை. நீலம் என்று குறித்திருப்பதே மற்ற ஊர்களின் சிவப்புக்கு நெருங்கி வரும். இரண்டு மூன்று பருவம் சறுக்கியவர்களுக்கே அதைச் சொல்வேன்.

பிரான்சின் ஷமோனிக்ஸும் அப்படித்தான். 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், மோன் பிளாங்க் மலையின் காலடி, ஜெனீவா விமான நிலையத்திலிருந்து சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 3,842 மீட்டர் உயரத்திலுள்ள எகுயீ டு மிடி முனையிலிருந்து பனியாற்றின்மீது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இறங்கும் வாலே பிளான்ஷ் பாதையை, பனியாற்றுப் பிளவுகளை அறிந்த வழிகாட்டியோடு மட்டுமே செல்ல வேண்டும். புதியவர் அங்கே மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், சறுக்குவதற்குப் போகக் கூடாது.

குடும்பத்தோடு, கலவையான திறமைகளோடு போகிறவர்களுக்கு பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகள் எனப்படும் பகுதியை முதலில் சொல்வேன். கூர்ஷவெல், மெரிபெல், வால் தொரான்ஸ் ஆகிய ஊர்களை, சறுக்குபவரை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகளால் இணைத்து 600 கிலோமீட்டர் சரிவுகளை ஒரே நுழைவுச்சீட்டில் தருகிறார்கள். கூர்ஷவெலில் புதியவர்களுக்கு அகலமான பச்சைச் சரிவுகள் உண்டு. 2,300 மீட்டரில் அமைந்த வால் தொரான்ஸ் ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊர். நவம்பர் இறுதியிலிருந்து மே தொடக்கம்வரை அங்கே பனி நிற்பதால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரலில் போக நினைக்கும் நம் பெற்றோர்களுக்கு அது பொருந்தும்.

இத்தாலியின் டோலமைட் மலைகளைப் பற்றித் தமிழில் மிகக் குறைவாகவே பேசப்படுவது எனக்கு வருத்தம். 2009இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த வெளிறிய சுண்ணப் பாறைகள் மாலை வெயிலில் செம்பருத்தி நிறம் கொள்வதைக் கண்டவர் மறக்க மாட்டார். டோலமிட்டி சூப்பர்ஸ்கீ என்ற ஒரே சீட்டில் 12 பகுதிகளும் 1,200 கிலோமீட்டர் சரிவுகளும் அடங்கும். அவற்றில் ஆல்பே டி சியூசி என்ற உயர்நிலப் புல்வெளி, இரண்டாம் பயணம் போகிறவர்களுக்கென்றே செய்து வைத்ததுபோல் மெல்லிய சரிவுகள் நிறைந்தது. சிவப்புச் சரிவுகளில் நம்பிக்கையோடு இறங்கத் தெரிந்தவர்கள், செல்லா மலைத்திரளைச் சுற்றி நான்கு கணவாய்களை ஒரே நாளில் கடக்கும் செல்லா ரோண்டா வட்டத்தை முயலலாம். காலை ஒன்பதரைக்குள் புறப்படாவிட்டால் கடைசி லிஃப்டைத் தவறவிட்டு வேறு பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

நம் வீடுகளில் பயணம் என்றால் அத்தையும் தாத்தாவும் சேர்ந்தே வருவார்கள். சறுக்காதவர்களுக்கும் நாள் நிறைய வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டுக்கு நிகரான ஊரை நான் அறியேன். 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்தபடி அமைந்த அந்த ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் கிடையாது. காரில் வருபவர்கள் டேஷ் என்ற முந்தைய ஊரில் வண்டியை விட்டு ரயிலேற வேண்டும். 1898இல் ஓடத் தொடங்கிய கோர்னெர்கிராட் பல்சக்கர ரயில் பெரியவர்களை 3,089 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், பனிமலைகளின் நடுவே கண்ணாடிச் சன்னலோரம் அமர்த்துகிறது. இன்னொரு பக்கம், 3,883 மீட்டர் வரை செல்லும் கேபிள் கார் பனியாற்றுக்கு இட்டுச்செல்வதால் ஆண்டு முழுவதும் அங்கே சறுக்கலாம். விலை மட்டும் எல்லாவற்றிலும் கூடுதல்.

நிசெகோவுக்குப் போகிறவர்கள் ஜனவரியில் போக வேண்டும். பனி நாள்தோறும் விழும். அதனாலேயே வெயிலும் மலைக்காட்சியும் அரிதாகக் கிடைக்கும். எதிரேயுள்ள 1,898 மீட்டர் உயர யோதெய் எரிமலையை ஒரு வாரத்தில் ஒரு முறை முழுமையாகப் பார்த்தால் நல்ல வாய்ப்பு என்றே கொள்ளலாம். வானம் தெளிவாக வேண்டுமென்றால், 1998 நாகானோ ஒலிம்பிக்கின் சறுக்குப் போட்டிகள் பல நடந்த ஹகுபாவை மார்ச்சில் பாருங்கள்.

வட அமெரிக்காவில், கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் வான்கூவரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் இருக்கிறது. இரண்டு மலைகளையும் இணைக்கும் 4.4 கிலோமீட்டர் கோண்டோலா 2008 முதல் ஓடுகிறது. ஊர் 675 மீட்டரில்தான் இருப்பதால் இரவில் மூச்சுத்திணறல் வராது. அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள வெயில் (Vail) என்ற ஊரின் அடிவாரமே ஏறத்தாழ 2,475 மீட்டர். 278 மீட்டரிலுள்ள சேலத்திலிருந்து போகிறவர்கள் முதல் இரண்டு நாட்களை ஓய்வாகக் கழித்து, நிறையத் தண்ணீர் குடித்து, பிறகே உச்சிக்குப் போக வேண்டும். அங்கே நெரிசலான நாட்களில் சீட்டை அன்றே வாங்கினால் ஒரு நாளுக்கு 300 டாலரைத் தாண்டுகிறது. பருவம் தொடங்கும் முன் விற்கப்படும் எபிக் பாஸ் போன்ற முன்பதிவுச் சீட்டுகளை வாங்குவதே அறிவுடைமை. கலிபோர்னியாவிலோ டெக்சாஸிலோ இருக்கும் பிள்ளைகளிடம் செப்டம்பரிலேயே சொல்லிவையுங்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் கஜகஸ்தானின் ஷிம்புலாக் நல்ல தேர்வு. அல்மாட்டி நகரத்திலேயே தங்கிக்கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பலாம். சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நடக்கும் காலத்தில் பனி தேடுபவர்கள் தெற்கே, நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனுக்கோ சிலியின் போர்ட்டில்லோவுக்கோ போக வேண்டும். அங்கே அப்போதுதான் குளிர்காலத்தின் நடுப்பகுதி.

புறப்படும் முன்

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் வழக்கமான பயணக் காப்பீடு பெரும்பாலும் பனிச்சறுக்கு விபத்தை ஏற்காது. குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்கி, ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குமா என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் முகவர் ஒருவர் வாய்மொழியாக "எல்லாம் சேர்ந்ததுதான்" என்றார். சேரவில்லை என்பதை முழங்கால் சுளுக்கிய பிறகு தெரிந்துகொண்டேன்.

உடையில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு பருத்தி. வெயிலில் நம்மைக் காக்கும் அதே பருத்தி, பனியில் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், வெளியே நீரும் காற்றும் புகாத மேலுடை என மூன்று அடுக்கு போதும். ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் அறைக்குள் போட்டுக்கொள்ளத்தான். ஸ்கீ, ஷூ, ஹெல்மெட் ஆகியவற்றை வாடகைக்கு எடுக்கலாம். கையுறை, உடலை ஒட்டிய உள்ளுடை, பனிக்கான கண்ணாடி மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். புதிய பனி சூரியக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புவதால், கறுத்த மேனிக்கு வெயில் என்ன செய்யும் என்று எண்ணாமல் சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் தடவ வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போகலாம். பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை உண்டு என்பதால் நெய், பால்கோவா வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

உடற்பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. சறுக்கும்போது தொடைத்தசை, உடலின் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. படியேறும்போது அப்படியன்று, இறங்கும்போதுதான் அந்த வேலை நடக்கிறது. ஆகவே இரண்டு மாதம் முன்பிருந்து வாரம் இரு முறை மலைப்பாதையில் இறங்கி நடங்கள். ஏற்காடு வரை பேருந்தில் போய், சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து நிதானமாக, முழங்காலைச் சற்று மடக்கியபடி இறங்குவது நல்ல பயிற்சி. மறுநாள் தொடை வலித்தால் சரியான தசை வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

மலைமேல் முதல் நாள்

முழு மலைக்கான சீட்டை முதல் நாளே வாங்காதீர்கள். பல ஊர்களில் புதியவர்களுக்கான லிஃப்டுகளுக்கு மட்டும் மலிவான சீட்டு உண்டு. அந்தப் பணத்தைப் பயிற்றுநருக்குக் கொடுங்கள். கணவர் மனைவிக்கும், அண்ணன் தம்பிக்கும் சொல்லிக்கொடுக்கும் முயற்சி பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. ஷூ, விரல்கள் அசையும்படியும் குதிகால் எழும்பாதபடியும் இருக்க வேண்டும். ஒரே ஒரு சாக்ஸ் மட்டும் போடுங்கள். விழும்போது ஷூவை விடுவிக்கும் பிணைப்பைக் கடைக்காரர் உங்கள் எடை, உயரம், வயது, திறமை கேட்டுத்தான் சரிசெய்வார். அங்கே எடையைக் குறைத்துச் சொல்லவே கூடாது.

சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் பத்து விதிகளில் ஒன்றையாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்குக் கீழே சறுக்குபவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிச் செல்ல வேண்டும். மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவதை அறிந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். நின்று இளைப்பாறும்போது சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் பனி மேடுபள்ளமாகிவிடும், வெளிச்சம் மங்கும், தொடை நடுங்கத் தொடங்கும். காயங்கள் பல அந்த நேரத்துக் கடைசி இறக்கத்தில்தான் நேர்கின்றன. களைப்பு தெரிந்தால், ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோண்டோலாவிலேயே கீழே இறங்கிவிடுங்கள். ஷூவின் கொக்கிகளைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தால், சன்னல் வழியே மறுநாள் இறங்க வேண்டிய சரிவை நிதானமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.